பதில்: செருகுநிரலுக்கு வேண்டிய கோப்பை எப்படி அழைப்பது?

ஐயா, வணக்கம்.

செருகுநிரல் (plugin, பெரிய நிரலோடு இணைந்து கூடுதல் வேலை செய்யும் சிறு நிரல்) இயங்கத் தேவைப்படும் இன்னொரு கோப்பை, ஆங்கிலத்தில் dependency என்பதை, தமிழில் எப்படி அழைப்பது என்பதுதானே கேள்வி? அதற்கு 'சார்நிரல்' என்று நீங்கள் எழுதியது ஓசையில் செருகுநிரலோடு அழகாகவே சேர்கிறது. ஆனால் எது எதைச் சார்ந்து நிற்கிறது என்பது அதில் தலைகீழாகிவிடுகிறது. முதலெழுத்தைச் சார்ந்து வருவதைத்தானே சார்பெழுத்து என்கிறோம்? அந்தப் பழக்கத்தில் படிப்பவர் சார்நிரல் என்றால் செருகுநிரலையே நினைப்பார். வெறும் 'சார்பு' என்று விடவும் வழியில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கிலேயே 'உறவுகளும் சார்புகளும்' வந்துவிடுகிறது. அறிவியல் மென்பொருளில் அந்தக் கணிதச் சார்பு வரிக்கு வரி வரும்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கக் காரணம் உண்டு. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் பழைய படங்களை மாணவர்கள் திறந்து பார்க்க, லினக்ஸில் எழுதிய நிரலொன்றை விண்டோஸுக்குக் கொண்டுவருகிறோம். ஃபிட்ஸ் (FITS, வானியல் படங்களுக்கான கோப்பு வடிவம்) கோப்பைப் படிக்கும் வேலை ஒரு செருகுநிரலுடையது. அதற்கு சிஃபிட்ஸியோ (CFITSIO, ஃபிட்ஸைப் படிக்கும் செயற்கூறுகள் அடங்கிய கோப்பு) வேண்டும், சிஃபிட்ஸியோவுக்கு இசட்லிப் (zlib, தரவைச் சுருக்கவும் விரிக்கவும் உதவும் கோப்பு) வேண்டும். இங்கே மழைக்காலத்தில் இணையத்தை நம்ப முடியாது என்பதால் பிள்ளைகள் பென்டிரைவில்தான் எடுத்துப் போகிறார்கள். வீட்டுக் கணினியில் ஏற்றினால் பிழை எண் 126, 'குறிப்பிட்ட கூறு கிடைக்கவில்லை'. பிழைச்செய்தியில் இருப்பது செருகுநிரலின் பெயர். கோப்புறையைத் திறந்தால் அந்தக் கோப்பு கண்ணெதிரே இருக்கிறது! பிறகென்ன, மறுபடி நகலெடுப்பார்கள், மறுபடி அதே 126.

உண்மையில் இல்லாதது இசட்லிப். லினக்ஸ் என்றால் எந்தக் கோப்பு கிடைக்கவில்லை என்று பெயர் சொல்லிவிடும், விண்டோஸ் சொல்லாது. இன்னொரு சங்கடம், இசட்லிப்பைச் செருகுநிரல் இருக்கும் கோப்புறையிலேயே வைத்தாலும் போதாது. தனியாக வேறு ஏற்பாடு செய்யாதவரை, விண்டோஸ் முதலில் தேடுவது முதன்மை நிரல் இருக்கும் கோப்புறையை. செருகுநிரலின் கோப்புறையை எட்டிக்கூடப் பார்க்காது. எங்கள் கணினியில் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் எம்சிஸ்2-வின் (MSYS2, விண்டோஸில் நிரல் உருவாக்கும் கருவித்தொகுப்பு) கோப்புறை 'பாத்' மாறியில் (PATH, விண்டோஸ் கோப்புகளைத் தேடும் கோப்புறைகளின் பட்டியல்) இருக்கிறது. வேண்டியதெல்லாம் அங்கிருந்து ஓசையில்லாமல் வந்துவிடும்.

ஆகவே சொல்லைக் கேட்டவுடனே திசை தெரிய வேண்டும். என் முன்மொழிவு: தாங்குநிரல். செருகுநிரலைப் போலவே வினைத்தொகை. தாங்குவது எது என்பதில் குழப்பமில்லை. சிஃபிட்ஸியோ செருகுநிரலின் தாங்குநிரல், இசட்லிப் சிஃபிட்ஸியோவின் தாங்குநிரல். இரண்டாம் படிக்குத் தனிச்சொல் தேடாமல் 'தாங்குநிரலின் தாங்குநிரல்' என்றே சொல்லிப் போகலாம். நீளம்தான், ஆனால் யாருக்கும் புரியும். 'வழித்துணை' என்று அக்கா சொன்னதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். கொண்டை ஊசி வளைவில் இருக்கும் பிள்ளையாருக்கு அந்தப் பெயரை விட்டுவிடுவோம்.

'நிரலகம் என்றே இருக்கட்டுமே' என்று தம்பி கேட்டிருந்தார். நிரலகம் (library, பல நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் செயற்கூறுகளின் தொகுப்பு) என்பது அந்தக் கோப்பு என்ன என்பதைச் சொல்கிறது. இன்னொன்றுக்கு அது தேவைப்படுகிறது என்பதைச் சொல்லவில்லையே. ஃபிட்ஸைத் தொடாத நிரலுக்கு சிஃபிட்ஸியோ வெறும் நிரலகம்தான்.

பிழைச்செய்தியை இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன்:

"ஃபிட்ஸ் செருகுநிரலை ஏற்ற முடியவில்லை. அந்தக் கோப்பு இருக்கிறது, ஆனால் அதன் தாங்குநிரல் ஒன்று கிடைக்கவில்லை. முதன்மை நிரல் உள்ள கோப்புறையில் பாருங்கள்."

செருகுநிரல் கோப்பு இருக்கிறதா என்று முதலில் சோதித்துவிட்டு, 126 வந்தால் மட்டுமே இது. 64 பிட் நிரலில் 32 பிட் செருகுநிரலை ஏற்றப் போனால் வரும் 193-க்கு இந்தச் சொல் பொருந்தாது. 127 வேறு கதை: தாங்குநிரல் இருக்கிறது, ஆனால் வேறு பதிப்பாக இருப்பதால் கேட்ட செயற்கூறு அதில் இல்லை. அதற்கு 'பொருந்தாத தாங்குநிரல்' என்று எழுதலாமா? இந்த ஒன்றில் மட்டும் உங்கள் கருத்து வேண்டும் ஐயா. மற்ற வரிகளை அடுத்த வெளியீட்டில் சேர்த்துவிடுகிறேன்.