17 வயதில் ஆப்பிரிக்க ஆஸ்பத்திரிக்கு 'இன்டர்ன்ஷிப்': அனுப்பலாமா?

ஈலிங்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். என்ர மகளுக்கு இப்ப 17. மெடிசின் படிக்க வேணும் எண்டு ஒரே பிடிவாதம். பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஏஜென்சி வந்து, தான்சானியாவில ரெண்டு கிழமை 'மெடிக்கல் இன்டர்ன்ஷிப்' எண்டு நோட்டீஸ் குடுத்திருக்கு. பிளேன் டிக்கெட் இல்லாமல் 1,900 பவுண்ஸ். படத்தில ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, கழுத்தில ஸ்டெதஸ்கோப், மடியில ஊர்க் குழந்தை. 'பிரசவம் பாக்கலாம், தையல் போடப் பழகலாம்' எண்டு கீழ எழுதியிருக்கு. 'யூனிவர்சிற்றி இன்டர்வியூவில சொல்ல நல்ல விசயம்' எண்டுறார் இவர். எனக்கு மனம் ஒப்பேல்லை. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

மதுரைக்காரன்:
தாராளமா அனுப்புங்க அக்கா. ஏசி ரூம்ல உக்காந்து படிக்கிற பிள்ளைக்கு ஏழைங்க ஆஸ்பத்திரி எப்படி இருக்கும்னு தெரிய வேண்டாமா? அங்கயும் டாக்டருக்குப் பஞ்சம். ரெண்டு கை கூட இருந்தா நல்லதுதானே. இங்க கொஞ்ச பேரு இதையும் 'காலனியம்'னு ஆரம்பிப்பாங்க பாருங்க.

வார்டு_டாக்டர்:
ஆரம்பிக்கிறேன். ஆனா காலனியத்துல இருந்து இல்ல, ஒரு ரத்தப் பையில இருந்து.

மலாவியில ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியில ரெண்டு வருஷம் வேலை பார்த்தேன். மழைக்காலம், மலேரியா சீசன். குழந்தைகள் வார்டுல ஒரு கட்டிலுக்கு ரெண்டு பிள்ளை, ராத்திரிக்கு ஒரே ஒரு நர்ஸ். மலேரியாவுல ரத்தம் வத்திப்போன ஒரு குழந்தை, எடையும் ரொம்பக் குறைவு. ரத்தம் மெதுவா, மூணு மணி நேரத்துல ஏறணும். அப்போ வந்திருந்த தன்னார்வலர் பையனுக்கு 18 வயசு, ஸ்கிரப்ஸ் போட்டிருந்தான். குழந்தையோட அம்மா அவனையும் 'டொக்கோடாலா'ன்னுதான், அதாவது டாக்டர்னுதான் கூப்பிட்டாங்க. சொட்டு நின்னுபோச்சுன்னு நினைச்சு, பாவப்பட்டு, சொட்டோட வேகத்தைக் கட்டுப்படுத்துற, டியூப்ல இருக்குற உருளையைத் தள்ளி வேகமா விட்டுட்டான். நர்ஸ் திரும்பி வந்தப்போ குழந்தைக்கு மூச்சு வாங்குது, கல்லீரல் ரெண்டு விரல் அளவு இறங்கியிருக்கு. மெலிஞ்ச குழந்தையோட இதயம் அந்தச் சுமையைத் தாங்காது. அந்த நர்ஸம்மா பார்த்ததால பிழைச்சது. அந்த ராத்திரி அவங்க மத்த பிள்ளைங்களைப் பார்க்க வேண்டிய நேரம் இதுலயே போச்சு.

அந்தப் பையன் கெட்டவன் இல்ல. அன்னிக்கு ராத்திரி முழுக்க அழுதான். ரெண்டு கை கூடுதல்னு சொல்றீங்களே சார், அந்தக் கையை யார் பார்த்துக்கிறதுன்னுதான் கேக்குறேன்.

மதுரைக்காரன்:
டாக்டர், இதே தப்பு நம்ம ஜிஹெச்-ல நடக்கலையா? ஹவுஸ் சர்ஜன் பசங்க யார் மேல கத்துக்கிறாங்க? ஏழைங்க மேலதான். நானே ஒரு சிஆர்ஆர்ஐ (அதான், பயிற்சி டாக்டர்) கிட்ட வென்ஃப்ளான், அந்த நரம்புல சொருகுற குழாய் போட மூணு குத்து வாங்கினவன். நம்ம பையன் குத்தினா பயிற்சி, வெளிநாட்டுப் பிள்ளை குத்தினா பாவமா?

வார்டு_டாக்டர்:
சரியான கேள்வி, சங்கடமான கேள்வியும்கூட. ஏழை உடம்பு மேலதான் எல்லாரும் கத்துக்கிறோம், அதை நான் மறுக்கல. ஆனா உங்களை மூணு தடவை குத்தின பையன் நாலரை வருஷம் படிச்சிட்டு வந்தவன். தற்காலிகப் பதிவு இருக்கு, மேல ஒரு பிஜி (மேற்படிப்பு படிக்கிற டாக்டர்), அதுக்கு மேல ஒரு சீஃப். நீங்க "ஐயோ விடுப்பா"ன்னா அவனுக்குப் புரியும். நாளைக்கும் அதே வார்டுலதான் இருப்பான்.

இன்னொண்ணு. படிச்சவங்களுக்கே அங்க கணக்கு தப்பியிருக்கு. காய்ச்சலோட, ரத்த ஓட்டம் குறைஞ்சு வர்ற குழந்தைக்கு வேகமா சலைன் ஏத்தணும்னுதான் நாங்க எல்லாரும் படிச்சோம். உகாண்டா, கென்யா, தான்சானியாவுல 3,141 குழந்தைகளை வெச்சு அதைச் சோதிச்சாங்க, 2011-ல முடிவு வந்துச்சு. வேகமா சலைன் ஏத்தினதுல 48 மணி நேரத்துக்குள்ள 10.5 சதவீதம் பேர் இறந்தாங்க, அப்படி ஏத்தாததுல 7.3. நிபுணர்களோட கையே தப்புன இடத்துல ப்ளஸ் டூ பிள்ளைக்கு என்ன வேலை?

மானிப்பாய்_பெடியன்:
எல்லாத்தையும் ஒரே தராசில போடாதையுங்கோ. டாக்டர் கிரீன் எண்டு ஒரு அமெரிக்கர் 1847-ல யாழ்ப்பாணத்தில வந்திறங்கி, பிறகு எங்கட மானிப்பாயில வைத்தியம் பாத்தவர். அவர் வராட்டி எங்கட ஊரில ஆங்கில வைத்தியம் இன்னும் எவ்வளவு காலம் பிந்தியிருக்குமோ. வெளியில இருந்து வாறவனை வராதை எண்டு சொல்லுறது சுகம். படுத்திருக்கிறவனைக் கேட்டுப் பாருங்கோ.

ஐந்தாமாண்டு_மாணவி:
அண்ணா, கிரீன் உங்கள் கட்சிக்குச் சாட்சி இல்லை. அவர் படித்து முடித்த டாக்டர். தமிழ் கற்றார், மருத்துவ நூல்களைத் தமிழில் பெயர்த்தார், ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்றுக்கொடுத்தார். இடையில் ஊருக்குப் போய் வந்ததைக் கழித்தாலும் இருபது வருடத்துக்கு மேல் அங்கே இருந்தார். (மதம் பரப்ப வந்தார் என்பது வேறு விவாதம், அதை இங்கே இழுக்க வேண்டாம்.) ரெண்டு கிழமைப் பிள்ளையை அவரோடு சேர்க்கலாமா?

அக்கா, நான் மான்செஸ்டரில் மெடிசின் படிக்கிறேன். இங்கே உங்கள் மகள் ஆஸ்பத்திரியில் வேலை அனுபவத்துக்குப் போனால் ஓரமாக நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். ரத்தம் எடுக்க விடவே மாட்டார்கள். மலாவியில் இருந்து முழு டாக்டரே வந்தாலும் ஜிஎம்சி (இங்கே டாக்டர்களைப் பதிவுசெய்யும் மருத்துவக் கவுன்சில்) பதிவில்லாமல் இங்கே டாக்டராக ஊசி போட முடியாது. அங்கே மட்டும் 17 வயசுப் பிள்ளை பிரசவம் பார்க்கலாமா?

இன்டர்வியூவைப் பற்றி: பக்கத்து முதியோர் இல்லத்தில் சனிக்கிழமைதோறும் போய்ச் சோறு ஊட்டியதைத்தான் நான் சொன்னேன். ஒரு பாட்டி என் கையைத் தட்டிவிட்ட கதையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைக்கும் ஆபத்து உண்டு. எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி கையில் குத்திவிட்டால் 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும், 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அந்த மருந்தை யார் தருவார்கள் என்று நோட்டீஸில் இருக்கிறதா?

மதுரைக்காரன்:
எல்லாம் சரிம்மா. பயமுறுத்திப் பயமுறுத்தி யாரையும் போகவிடாம ஆக்கிட்டா, அங்க வர்ற காசும் நின்னுபோகும். அதுல ஒரு மெத்தை, ஒரு பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வாங்கினாக்கூட லாபம்தானே.

வார்டு_டாக்டர்:
காசு வந்தா நல்லதுதான். எங்க வார்டுக்கு வந்ததா எனக்கு ஞாபகம் இல்ல. டி-ஷர்ட் வந்துச்சு.

ஈலிங்_அம்மா:
உங்கட எழுத்தெல்லாம் மகளுக்கும் காட்டினனான். பிறகு ஏஜென்சிக்குப் போன் எடுத்து மூண்டு விசயம் கேட்டன். பிள்ளைக்குப் பொறுப்பான டாக்டர் ஆர்? நோயாளி வேண்டாம் எண்டால் எந்தப் பாஷையில சொல்லுறது? 1,900-ல ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு? முதல் ரெண்டுக்கும் 'அங்க கோஓடினேற்றர் இருப்பா' எண்ட ஒரே பதில்தான். காசு விசயம் 'கம்பனி இரகசியம்'. பிறகு போனில கதைச்ச ஏஜென்சிப் பிள்ளை சிரிச்சுக்கொண்டு சொன்னா: 'அங்க ரூல்ஸ் இவ்வளவு இறுக்கமில்லை, அதுதானே உங்கட மகளுக்குச் சான்ஸ்.'

மகள் அதைக் கேட்டுக்கொண்டு நிண்டவள். ஒண்டும் பேசேல்லை, மேல போயிட்டாள். இவர் இன்னும் மனம் மாறேல்லை. ஏனெண்டால் எனக்குச் சொல்லாமல் 200 பவுண்ஸ் கட்டிப்போட்டார்.

மதுரைக்காரன்:
'ரூல்ஸ் இறுக்கமில்லை'ன்னு அந்தப் பொண்ணு வாய் விட்டுச் சொல்லிச்சா? அப்ப அந்த ஏஜென்சி வேண்டாம் அக்கா, வேற நல்லதா பாருங்க. 200-ஐ விடாதீங்க, எழுத்துல கேளுங்க. மத்தபடி என் கருத்துல மாத்தமில்ல.

ஐந்தாமாண்டு_மாணவி:
டாக்டர், ஜூலையில் காலேஜ் வழியாக ஆறு வாரம் எலெக்டிவ் (மாணவர்களே இடம் தேர்ந்தெடுத்துப் போகும் பயிற்சி) போகிறேன், மலாவிக்குத்தான். பொறுப்பான டாக்டரின் பெயர் கையில் இருக்கிறது. என்ன கொண்டு வர வேண்டும்?

வார்டு_டாக்டர்:
சின்ன சைஸ் கையுறை. நான் இருந்தப்போ எட்டாம் சைஸ்தான் கிடைக்கும், சின்னக் கைகாரங்க ரொம்பக் கஷ்டப்பட்டாங்க. 'முலி ப்வான்ஜி' (எப்படி இருக்கீங்க), 'ஜிகோமோ' (நன்றி) தெரிஞ்சா பத்தாது, "எங்க வலிக்குது"ன்னு அந்த ஊர் மொழியான சிச்சேவாவுல கேக்கக் கத்துக்கிட்டு வாங்க. முதல் வாரம் நர்ஸ் பின்னாடியே நடங்க. அவங்க கேட்டா மட்டும் தூக்குங்க, பிடிங்க. ரத்தம் ஓடிட்டு இருந்தா உருளைக்குப் பக்கத்துலயே போகாதீங்க.