கோட்டின் கை நீளம். கீழே வெட்டவே முடியாது என்கிறார் டெய்லர். வேறு வழி உண்டா?

புதுக்கோட்டு:
முதல் தடவையாக ரெடிமேட் கோட் வாங்கினேன். தோளும் மார்பும் கச்சிதம். கை மட்டும் கட்டைவிரல் கணு வரை இறங்கிவிடுகிறது. சட்டை கஃப் (கைமுனைப் பட்டி) கண்ணிலேயே படவில்லை. ஒரு இன்ச் குறைக்கக் கொடுத்தேன். மணிக்கட்டுப் பொத்தான்கள் நிஜமாகவே திறக்கின்றன, குறைக்க முடியாது என்று டெய்லர் திருப்பி அனுப்பிவிட்டார். சரியா அது?

ஊசிநூல்:
பாதி சரி. வெட்டிய காஜாவை, அதாவது பொத்தான் துளையை, மேலே நகர்த்த முடியாது. காஜா வெட்டாமல் அலங்காரத்துக்குத் தைத்த பொத்தான் என்றால் பிரித்து ஏற்றித் தைத்திருப்பார். உங்களுக்கு இருப்பது இரண்டாவது வழி: தோளில் கையைக் கழற்றி, மேல்பக்கம் குறைத்து மறுபடி ஏற்றுவது. செலவு கூடும், கைதேர்ந்தவர் வேண்டும். கட்டம் போட்ட துணி என்றால் கட்டம் பொருந்தாமல் போகலாம்.

அதற்கு முன், ஒரு இன்ச் கணக்கு எப்படி வந்தது? கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு நில்லுங்கள். மணிக்கட்டில் துருத்தும் எலும்பை மூடியதும் கோட் நிற்க வேண்டும். அதற்குக் கீழே கால் இன்ச் முதல் அரை இன்ச் வரை சட்டை தெரிந்தால் போதும்.

புதுக்கோட்டு:
அளந்தேன் அண்ணா. கோட் எலும்பைத் தாண்டி முக்கால் இன்ச் போகிறது. ஆனால் சட்டையே எலும்போடு நின்றுவிடுகிறது!

காஜா:
அப்படிப் போடுங்கள். குற்றம் பாதி சட்டை மேல். சட்டைக் கை கட்டைவிரல் தொடங்கும் இடம் வரை வரவேண்டும், கஃப் மணிக்கட்டைப் பிடித்து நிற்க வேண்டும். தொளதொள கஃப் என்றால் கோட்டுக்குள் ஓடி ஒளியும், இல்லாவிட்டால் உள்ளங்கையில் வந்து விழும்.

கோட்டில் கடைசிப் பொத்தானுக்கும் விளிம்புக்கும் எவ்வளவு இடைவெளி? ஒன்றரை இன்ச் இருந்தால் கீழேயே அரை இன்ச் எடுத்துவிடலாம், யாருக்கும் தெரியாது. இரண்டு கையையும் தனித்தனியே அளக்கச் சொல்லுங்கள். பலருக்கு ஒரு கை கொஞ்சம் நீளம். ஆமாம், கைமேல் தைத்த பிராண்ட் லேபிளைப் பிரித்துவிட்டீர்கள்தானே?

புதுக்கோட்டு:
லேபிள்... இப்போதுதான் பிரித்தேன். இடைவெளி ஒன்றரை இன்ச் இருந்தது. வேறு டெய்லர் இடது கையில் அரை இன்ச்சும் வலது கையில் கால் இன்ச்சும் எடுத்துக் கொடுத்தார். நீளக் கை சட்டையும் ஒன்று வாங்கிவிட்டேன். கஃப் தெரிகிறது!