நெல்லையில் பழகி கிரிம்சல், ஃபுர்கா கணவாய்களில் சைக்கிள் ஏற முடியுமா?

பாளைபெடல்:

அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம். அக்கா குடும்பம் ஸ்விட்சர்லாந்தில் மெய்ரிங்கன் பக்கம் இருக்கிறது, ஆகஸ்ட் கடைசியில் அங்கே போகிறேன். வீட்டுக்குக் கிட்டத்திலேயே கிரிம்சல், ஃபுர்கா, சுஸ்டன் என்று மூன்று கணவாய்கள் இருக்கின்றன, மூன்றையும் ஒரு சுற்றாகச் சுற்றினால் சுமார் 120 கிலோமீட்டர் என்று மேப்பில் பார்த்ததிலிருந்து தூக்கம் போச்சு. நான் வழக்கமாக ஓட்டுவது பாளையிலிருந்து சேரன்மகாதேவி, அம்பை வழியாகப் பாபநாசம் போய்த் திரும்புவது. தூரம் பிரச்சினை இல்லை, ஆனால் மேடு என்று சொன்னால் எனக்கு மேம்பாலம்தான் தெரியும். இங்கே சுற்றுவட்டாரத்தில் மலை ஏறிப் பழக எங்கே போகலாம், மாஞ்சோலை சரிப்படுமா? அப்புறம் மூன்று கணவாயையும் ஒரே நாளில் முடிக்க நினைப்பது பேராசையா? ஏரிக்கரையில் ஓட்டவும் ஆசை. சைக்கிள் அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்வேன்.

தென்காசிசாரல்:

மாஞ்சோலையை மறந்துவிடுங்கள் தம்பி. மணிமுத்தாறிலிருந்து ஏறுகிற வழி அருமைதான், ஆனால் அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் போகிறது, வனத்துறை அனுமதி வேண்டும், அதை நம்பி வாராவாரம் பயிற்சி என்று திட்டம் போட முடியாது. அந்த ரோடும் ரோடு பைக்கின் ஒல்லி டயருக்கு ஆகாது.

செங்கோட்டைக்கு வாருங்கள். புளியரை எஸ் வளைவில் ஏறி, கோட்டைவாசல், ஆரியங்காவு தாண்டி, கழுதுருட்டியில் பதிமூணு கண் பாலத்தைப் பார்த்துவிட்டுத் தென்மலை அணை வரை போகலாம். கணவாயும் ஆச்சு, ஏரியும் ஆச்சு. ஆனால் நம் பக்கத்து ஏற்றம் சின்னது, உடம்பு சூடாகும்போதே முடிந்துவிடும், திரும்பி வரும்போது கேரளப் பக்கத்து ஏற்றம்தான் கொஞ்சம் நீளம். கேரளா போகிற லாரிகள் அந்த வளைவில் வரிசை கட்டும், அதனால் விடிந்தும் விடியாமலும் கடந்துவிடுங்கள். செங்குத்து வேண்டுமென்றால் பண்பொழி திருமலைக்கோவிலுக்குக் கார் ஏறும் சாலை இருக்கிறது, ஏறி இறங்கி ஏறி இறங்கிப் பழகலாம். தைப்பூசம் மாதிரிக் கூட்ட நாள்களில் வேண்டாம், சாமி கும்பிட வருபவர்களுக்கு இடைஞ்சல்.

இதையெல்லாம் விட நம்மிடம் ஒன்று இருக்கிறது, காசு கொடுத்தாலும் மற்ற ஊர்க்காரனுக்குக் கிடைக்காது. ஆடிக் காற்று. ஆனி, ஆடியில் நெல்லையிலிருந்து தென்காசிக்கு ஓட்டிப் பாருங்கள், ஆலங்குளம் தாண்டினால் கணவாய்க் காற்று நேரே நெஞ்சில் அடிக்கும். பெடலை ஒரு நிமிஷம் விட்டால் சைக்கிள் நின்றுவிடும். மலையும் அப்படித்தான், ஓய்வே தராது. குனிந்துகொண்டு ஒரே சீராக இரண்டு மணி நேரம் மிதிக்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பாவூர்சத்திரத்தில் டீ குடிக்க இறங்காமல் போக வேண்டும், அதுதான் கஷ்டம்.

பொதிகைக்காரன்:

விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து இப்போது பெர்னில் குப்பை கொட்டுகிறவன் என்பதால் சொல்கிறேன், ஒரே நாள் வேண்டாம். அந்தச் சுற்றில் ஏற வேண்டிய உயரம் மட்டும் 3,000 மீட்டருக்கு மேல். இரண்டு நாளாகப் பிரித்தால் ரசித்துக்கொண்டே போகலாம்.

முதல் நாள் இன்னர்ட்கிர்ஹனில் தொடங்குங்கள், அங்கே உயரம் 625 மீட்டர். கிரிம்சல் உச்சி 2,164, நடுவில் சுமார் 26 கிலோமீட்டர். சராசரிச் சரிவு 6 சதவீதம் என்று போட்டிருப்பார்கள், அதை நம்பாதீர்கள், நடுவில் சமதளம் வந்து கணக்கைக் குறைத்துக் காட்டுகிறது, மற்ற இடங்களில் 8, 9 என்று வரும். சில சுரங்கப் பாதைகளுக்குப் பக்கத்தில் சைக்கிளுக்கென்று பழைய சாலையை விட்டுவைத்திருக்கிறார்கள், அம்புக்குறியைப் பார்த்துத் திரும்புங்கள். மேலே அணைகள் அடுத்தடுத்து வரும். தண்ணீர் பால் கலந்த பச்சையாக இருக்கும், பனியாறு பாறையை அரைத்துவிட்ட மாவு அதில் மிதப்பதால் அந்த நிறம். காரையாறு அணையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு முதல் தடவை அது தண்ணீர் மாதிரியே தெரியாது.

உச்சியில் டோட்டன்சே என்று ஒரு சின்ன ஏரி, அதைத் தாண்டி கிளெட்ச் வரை இறக்கம். அங்கிருந்தே எதிர்மலையில் ஃபுர்கா சாலை மடிந்து மடிந்து ஏறுவது முழுசாகத் தெரியும், அதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் சோர்ந்துபோகிறார்கள். சுமார் 10 கிலோமீட்டர்தான், ஏறிவிடலாம். ரோன் பனியாறு அந்தச் சாலை ஓரம் வரை இருந்தது ஒரு காலம், இப்போது சுருங்கி மேலே போய்விட்டது, உருகாமல் இருக்கக் கோடையில் அதன் ஒரு பகுதிக்கு வெள்ளைத் துணி போர்த்தி வைத்திருக்கிறார்கள். 2,400 மீட்டருக்கு மேலே உச்சி, அப்புறம் ஆண்டர்மாட் வரை இறக்கம். ராத்திரி அங்கே தங்குங்கள்.

மறுநாள் வாசன் வரை இறங்கி, 18 கிலோமீட்டர் ஏறினால் சுஸ்டன், 2,224. மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் போட்ட சாலை, கார் ஓட்டத்துக்கென்றே வடிவமைத்தது, சரிவு கடைசி வரை ஒரே சீர். சனி ஞாயிறு தவிர்க்கவும், மோட்டார் பைக் இரைச்சல் தாங்காது. கணவாய்களில் ஆகஸ்டிலும் பனி விழ வாய்ப்பு உண்டு, திறந்திருக்கிறதா என்று காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டி கடலைமிட்டாய் நிறையக் கொண்டுவாருங்கள், இங்கே மலை உச்சிக் கடையில் ஒரு சாண்ட்விச் விலையைக் கேட்டால் பசி அடங்கிவிடும்.

கியர்பல்லன்:

ஏறுவதைப் பற்றியே பேசுகிறீர்கள், வாடகை சைக்கிளில் எந்த கியர் என்று யாரும் கேட்கவில்லை. சுமாராக ஓட்டுகிறவர் ஒரு மணி நேரத்தில் 600 மீட்டர் உயரம் ஏறுவார். 8 சதவீத மேட்டில் அது மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம். முன் பல்சக்கரத்தில் 34, பின்னால் 28 பல் என்றால் நிமிஷத்துக்கு 50 சுற்றுகூட மிதிக்க முடியாது, முட்டி போய்விடும். பின்னால் 34 இருந்தால் 60 வரும். கடைக்காரரிடம் பின்னால் 34 என்று எழுதியே கேளுங்கள்.

இன்னொன்று. நம்மூர் சைக்கிளில் பெரும்பாலும் வலது கைப் பிரேக் முன் சக்கரத்துக்கு, அங்கே வலது கை பின் சக்கரத்துக்கு. பதற்றத்தில் இடது கையை அழுத்தினால் தூக்கி முன்னால் எறியும். எடுத்தவுடன் தெருவில் நாலு சுற்று ஓட்டிப் பழகிவிட்டு மலைக்குப் போங்கள். வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து விட்டுவிட வேண்டும், இறக்கம் முழுக்க அழுத்திக்கொண்டே வரக்கூடாது. போக்குவரத்து வேறு வலது பக்கம்.

பாளைபெடல்:

பிரேக் விஷயம் சத்தியமாக யோசிக்கவே இல்லை, நன்றி அண்ணே. போவதற்கு முன் ஒரு தடவையாவது நிஜமான நீள ஏற்றம் ஏற வேண்டும், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளா, கொடைக்கானலா?

தென்காசிசாரல்:

கொடைக்கானல். 2,133 மீட்டர், கிரிம்சலோடு பார்த்தால் 31 மீட்டர்தான் குறைவு. வத்தலக்குண்டிலிருந்து ஏறுங்கள், சரிவு மிதமாக இருந்தாலும் 50 கிலோமீட்டருக்கு மேல் விடாமல் மிதிக்க வைக்கும். சைக்கிளைக் காரில் கொண்டுபோய் மேலிருந்து திரும்பக் கூட்டிவரச் சொன்னால் காருக்கு இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள். இறங்கும்போது வியர்வை பனியனோடு இறங்கினால் குளிர் நடுக்கும், பழைய பேப்பரை மடித்துச் சட்டைக்குள் நெஞ்சில் வையுங்கள், காற்று நுழையாது.

பொதிகைக்காரன்:

அவர் சொன்ன பேப்பர் யோசனை ஃபுர்கா இறக்கத்துக்கும் பொருந்தும், ஆனால் கையுறையும் காற்றுத் தடுக்கும் சட்டையும் அவசியம். ஏரி கேட்டீர்களே, பிரியன்ஸ் ஏரி மெய்ரிங்கனிலிருந்து கிட்டத்தில்தான், இரண்டு நாள் மலைக்கு அப்புறம் காலை ஆற்ற அதுவே போதும். வடகரையில் கார் ஓட்டம் அதிகம். தென்கரை அமைதி, ஆனால் கீஸ்பாக் அருவிப் பக்கம் ஜல்லியும் திடீர் மேடும் வரும், அதனால் சைக்கிள் எடுக்கும்போது 25 மில்லிமீட்டர் அகல டயர் வேண்டாம், 28 அல்லது 30 கேட்டு வாங்குங்கள்.