ஏரியா போலீஸோட நடந்த ஒரு சம்பவம், இன்னும் மனசுல உறுத்தறது எதாவது இருக்கா? சிட்டிக்கு நடுவுல இருக்கறவங்க சொல்லுங்க

மாடிவீட்டு மணி:
பட்டா புக் எல்லாருக்கும் தெரியும்தானே. வயசானவங்க தனியா இருக்கற வீடு, ஏடிஎம், கோயில், நகைக்கடை வாசல்னு ஒரு சின்ன நோட்டு தொங்கும், நைட் ரவுண்ட்ஸ் வர்ற போலீஸ்காரர் டைம் எழுதி கையெழுத்து போட்டுட்டுப் போவார். எங்கம்மா தனியா இருக்கற வீட்ல கேட் பக்கத்துல ஆணி அடிச்சு தொங்கவிட்ருந்தாங்க. ஏரியா பேர் வேணாம், அந்தாள் இன்னும் சர்வீஸ்ல இருக்கார், சென்ட்ரல்ல இருந்து ஆட்டோல பத்து நிமிஷம்னு வெச்சுக்கோங்க.

ஒரு தடவ பெங்களூர்ல இருந்து சொல்லாம கொள்ளாம கிளம்பி ராத்திரி பதினொன்றரைக்கு வந்து இறங்கறேன், திண்ணைல அம்மா டார்ச் பிடிச்சுட்டு உக்காந்திருக்காங்க, பக்கத்துல யூனிஃபார்ம்ல ஒரு பையன், 26, 27 வயசு இருக்கும், முட்டி மேல நோட்ட வெச்சு எழுதறான், அம்மா சொல்லச் சொல்ல. "திங்கக்கெழம 11.40ன்னு போடு. செவ்வாய்க்கும் அதே 11.40 போட்டா எப்படிப்பா, பாக்கறவனுக்கு சந்தேகம் வராது? 12.10 போடு. புதன் நல்ல மழை, அன்னிக்கு 1 மணிக்கு வந்தேன்னு போடு." எங்கம்மா ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ், டிக்டேஷன்ல புலி.

எனக்கு வந்துச்சே கோவம். அவன் என்னப் பாத்ததும் எந்திரிச்சு நின்னுட்டான், தொப்பி திண்ணைல இருக்கு, எடுக்கலாமா வேணாமான்னு கை பாதில நிக்குது. அவன் போனதும் கத்தினேன், கம்ப்ளைன்ட் பண்றேன்னேன். அம்மா சொன்னது இதுதான்: "அவன் பொண்டாட்டிக்கு எட்டாம் மாசமே வலி வந்துருச்சுடா, ஆஸ்பத்திரில கெடக்கா, இவன மூணு நாளா பந்தோபஸ்துக்கு வேற போட்டுட்டாங்க. நான் என்ன செத்தா போயிட்டேன் இந்த மூணு நாள்ல?"

நான் மாசத்துக்கு ஒரு தடவ வர்றவன். எனக்குன்னு ஒரு பட்டா புக் மாட்டியிருந்தா அதுல எத்தன கையெழுத்து இருக்கும்னு அன்னிக்கு நைட்டு பூரா யோசிச்சுட்டு படுத்திருந்தேன். உங்க கதை சொல்லுங்க.

ஸ்ட்ரைக்கர் குமார்:
மணி சார் அம்மா சூப்பர். என்னோடது வேற மாதிரி.

கூவம் ஓரத்து ஹவுசிங் போர்டு நான். பாய்ஸ் கிளப்னு சொல்வோம், போர்டுல சிறார் மன்றம்னு இருக்கும், போலீஸ் நடத்தறது, ஸ்கூல் விட்டா நேரா அங்கதான், ட்யூஷனுக்கு ஒரு அக்கா வருவாங்க, சுண்டல் இல்லனா பிஸ்கட் குடுப்பாங்க, அதுக்கப்புறம் கேரம். மெட்ராஸ்ல கேரம்னா சும்மா இல்ல, ரெண்டு தடவ வேர்ல்ட் சாம்பியன் ஆன மரிய இருதயம் நம்ம ஊர்க்காரர், 2024ல அமெரிக்கா போய் 3 தங்கம் வாங்கிட்டு வந்த காசிமா ஆட்டோ ஓட்றவர் பொண்ணு. எங்க கிளப்புல ஒரு ஏட்டு வருவார், தொப்பை, கையில காசிக்கயிறு, டியூட்டி முடிஞ்சு எங்க கூட ஒரு போர்டு ஆடிட்டுதான் வீட்டுக்குப் போவார். பவுடர் போட்டுத் தேய்ச்சுட்டு "குமாரு, பிரேக் பண்ணுடா"ம்பார்.

ஒரு நாள் ராத்திரி எங்க பிளாக்ல ஏதோ செயின் அறுப்புன்னு ஆறு பேர கூட்டிட்டுப் போனாங்க. சந்தேகக் கேஸ். அதுல எங்கண்ணன் ஒருத்தன். கதவத் தட்டி கூட்டிட்டுப் போன ரெண்டு பேர்ல ஒருத்தர் அந்த ஏட்டு. காலைல அண்ணன் வந்துட்டான், பேர் இல்லன்னு விட்டுட்டாங்க. குதிகால ஊன முடியாம செவுத்தப் பிடிச்சுட்டே படி ஏறினான்.

அன்னிக்கு சாயங்காலம் நான் கிளப்புக்குப் போனேன். ஏன் போனேன்னு இப்பவும் தெரியல. அவரும் வந்தார். எதிர்ல உக்காந்தார். எனக்கு விரல் நடுங்குது, ஸ்ட்ரைக்கர் கோட்டு மேல நிக்கவே மாட்டேங்குது. அவர் ஒரு வார்த்த பேசல. ரெட்ட கட் பண்ணி என் பக்கத்து பாக்கெட் வாசல்ல கொண்டாந்து நிறுத்தினார். அவருக்கு அது மிஸ் ஆகற ஷாட்டே இல்ல, எனக்காக விட்டார்னு எனக்கு நல்லாத் தெரியும். தொட்டா விழும். நான் அடிக்கல. வேற காய அடிச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

இதுல யார் நல்லவங்க யார் கெட்டவங்கன்னு ஆரம்பிக்காதீங்க ப்ளீஸ்.

பேரிங் கடைக்காரன்:
ரெண்டு பேரும் அழ வெச்சுட்டீங்க, நான் கொஞ்சம் சிரிக்க வெக்கிறேன்.

2017, 18 வாக்குல மூன்றாவது கண்ணுன்னு கமிஷனரா இருந்த விஸ்வநாதன் சார் ஆரம்பிச்சாரே, ஊரெல்லாம் சிசிடிவி. கவர்மென்ட் காசு மட்டும் இல்ல, கடைக்காரங்க, குடியிருப்பு சங்கம், ஆளாளுக்குப் போட்டு மாட்டினது. எங்க தெருலயும் கடைக்கு இவ்ளோன்னு வசூல் பண்ணி கேமரா போட்டோம், டிவிஆர் என் கடை மாடில. திறப்பு விழான்னு அதிகாரி வந்தார், பொன்னாடை, ரிப்பன், மைக்ல "இனி இந்தத் தெருவில் ஈ பறந்தாலும் தெரியும்". நல்ல கைதட்டல்.

ரெண்டு மாசம் கழிச்சு எதிர்கடை வாசல்ல நின்ன ஆக்டிவா காணோம். கிரைம்ல இருந்து ரெண்டு பேர் வந்தாங்க, நான் பெருமையா மாடிக்கு கூட்டிட்டுப் போய் மானிட்டர ஆன் பண்றேன், ஸ்க்ரீன் பூரா மஞ்சக் கலர். என்னடா இதுன்னு ரிவைண்ட் பண்றேன், முந்தின நாளும் மஞ்ச, போன வாரமும் மஞ்ச. காத்தடிச்சா லேசா ஆடுது. அப்புறம் கீழ இறங்கிப் போய் பாத்தா, எங்க சங்கத்துல வெச்ச ஃப்ளெக்ஸ், "மூன்றாவது கண் தந்த காவல்துறைக்கு நன்றி", கம்பத்துல ஒரு கயிறு அறுந்து கேமரா மூஞ்சில சாஞ்சு நிக்குது.

வந்தவர்ல பெரியவர் ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் அந்த மஞ்சளயே பாத்துட்டு இருந்தார். "டீ இருக்குமா?"ன்னு கேட்டார்.

மணி சாருக்கு ஒண்ணு, கோச்சுக்காதீங்க, பொய் கையெழுத்து பொய் கையெழுத்துதான். அன்னிக்கு உங்க வீட்ல திருடன் வந்திருந்தா நோட்டுல 12.10க்கு போலீஸ் வந்ததா இருந்திருக்கும். யோசிச்சுப் பாருங்க.

சட்டம் தெரிஞ்ச சாமானியன்:
சுருக்கமா என் அனுபவம். மேம்பாலத்துக்குக் கீழ பஸ்ஸுக்கு நிக்கறப்போ பைக்ல வந்தவன் ஃபோன பிடுங்கிட்டுப் போயிட்டான். ஸ்டேஷன் போனேன், ரைட்டர் "தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுங்க"ன்னார். பிடுங்கிட்டான்னு எழுதினேன். சிஎஸ்ஆர் குடுத்தாங்க. அவ்ளோதான்.

இப்போ முக்கியமான விஷயம். இங்க பாதிப் பேருக்கு சிஎஸ்ஆர்னா என்னன்னே தெரியாது. கம்யூனிட்டி சர்வீஸ் ரெஜிஸ்டர். சமூக சேவைப் பதிவேடு! நம்ம ஃபோன ஒருத்தன் அடிச்சுட்டுப் போனத சமூக சேவைல எழுதறாங்க, யாருக்கு சேவைன்னு நீங்களே சொல்லுங்க. அது எஃப்ஐஆர் கெடையாது, உங்க மனு வந்துச்சுங்கறதுக்கு ஒரு ரசீது, அதோட வேலை முடிஞ்சுது. வாரன்ட் இல்லாம கைது பண்ணக்கூடிய குற்றம்னு தகவல் வந்தா எஃப்ஐஆர் போட்டே ஆகணும்னு லலிதா குமாரி கேஸ்ல 2013லயே சுப்ரீம் கோர்ட் அஞ்சு ஜட்ஜ் பெஞ்ச் சொல்லிருச்சு. 2024 ஜூலை 1ல இருந்து பிஎன்எஸ்எஸ்னு புது கிரிமினல் நடைமுறைச் சட்டம், அதுல 173வது பிரிவு, மூணு வருஷத்துல இருந்து ஏழு வருஷத்துக்குள்ள தண்டனை வர்ற குற்றம்னா 14 நாள் முதல்கட்ட விசாரணை பண்ணலாம்னு ஒரு ஓட்டை இருக்கு, அத வெச்சு ஓட்டுவாங்க, விடாதீங்க. எந்த ஸ்டேஷன்ல வேணா ஜீரோ எஃப்ஐஆர் போடலாம், "எங்க லிமிட் இல்ல"ன்னு சொன்னா நம்பாதீங்க. காப்பி ஃப்ரீ. ஃபோன்னா சிஇஐஆர்ங்கற கவர்மென்ட் சைட்ல ஐஎம்இஐ நம்பர பிளாக் பண்ணுங்க, பாக்ஸ தூக்கிப் போடாதீங்க, பில்ல ஃபோட்டோ எடுத்து மெயில்ல வெச்சுக்கோங்க. பொம்பளைங்களையும் 15 வயசுக்குக் கீழ உள்ள பசங்களையும் சாட்சி விசாரணைக்குன்னு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, வீட்டுக்கு வந்துதான் கேக்கணும்.

குமார் தம்பி, உங்க வீட்ல பண்ண தப்பு என்னன்னா சும்மா இருந்தது. டி.கே.பாசு தீர்ப்பு 1996லயே வந்தாச்சு, கூட்டிட்டுப் போறவர் பேர் பேட்ஜ் போட்டிருக்கணும், மெமோ எழுதணும், சாட்சி கையெழுத்து வாங்கணும், வீட்டுக்குத் தகவல் சொல்லணும். நீங்க மெமோ கேட்டிருக்கணும். மெடிக்கல் எடுத்திருக்கணும். அத விட்டுட்டு கேரம் ஆடப் போயிருக்கீங்க.

ஸ்ட்ரைக்கர் குமார்:
அண்ணே எனக்கு அப்போ வயசு 12. எனக்கு அப்போ தெரிஞ்ச ஒரே சட்டம் ஸ்ட்ரைக்கர் உள்ள போனா டியூ.

பேரிங் கடைக்காரன்:
😂😂 சாமானியன் சார், ஃபோன் கெடச்சுதா மொதல்ல?

சட்டம் தெரிஞ்ச சாமானியன்:
இல்ல. அது முக்கியம் இல்ல.

ஹாஸ்டல் வாசி:
2019 டிசம்பர், ஹைதராபாத்ல அந்த டாக்டர் பொண்ண கொன்ன சம்பவம் நடந்த சமயம், எங்க லேடீஸ் ஹாஸ்டலுக்கு போலீஸ் வந்து எல்லார் ஃபோன்லயும் காவலன் ஆப் போட வெச்சாங்க, ஃபோன வேகமா ஆட்டினாலே அலர்ட் போகும்னு செட் பண்ணி வேற குடுத்தாங்க. மறுநாள் மவுண்ட் ரோட்ல பஸ்ஸ விரட்டிப் பிடிச்சு ஏறினேன், பை குலுங்கிருக்கு. கம்பியப் பிடிச்சுட்டு நிக்கறேன், கன்ட்ரோல் ரூம்ல இருந்து கால், ஒரு அக்கா, "எங்கம்மா இருக்கீங்க, பேச முடியுதா, முடியலன்னா சும்மா ம்னு சொல்லுங்க". பஸ்ல எல்லாரும் பாக்கறாங்க. தெரியாம பட்டுருச்சுக்கா, சாரின்னேன். "நெஜமாவே தெரியாமதானா? பக்கத்துல யாராச்சும் நின்னுட்டு அப்படி சொல்ல சொல்றாங்களா?" இல்லக்கா. "சரி, அப்போ எந்த ஸ்டாப் தாண்டிருக்கீங்க, அத மட்டும் சொல்லிட்டு வைங்க."

அவ்ளோதான் மேட்டர். ஆனா சொந்தக்காரங்க ஒருத்தர் கூட அந்தக் கேள்விய அந்த மாதிரி என்கிட்ட கேட்டதில்ல.

பழைய எஃப்ஓபி:
படிச்சுட்டு போயிடலாம்னுதான் நெனச்சேன். எஃப்ஓபி, அதான் போலீஸுக்கு உதவியா நிக்கற வாலன்டியருங்க, ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்ல இருந்தவன் நான். 1993ல ராமநாதபுரத்துல எஸ்பியா இருந்த பிரதீப் பிலிப் சார் ஆரம்பிச்சது, சாத்தான்குளத்துல அப்பாவும் மகனும் போலீஸ் அடிச்சு செத்ததுக்கு அப்புறம் 2020 ஜூலைல கவர்மென்ட் தடை பண்ணிருச்சு. அங்க எஃப்ஓபி பசங்களும் இருந்தாங்கன்னு பேசினாங்க, அமைப்பு சார்புல இல்லவே இல்லன்னாங்க, அந்தச் சண்டைய இங்க இழுக்க வேணாம்.

என் சம்பவம் அதுக்கு மூணு வருஷம் முன்னாடி. காலேஜ் செகண்ட் இயர். திருவிழாக் கூட்டத்துக்கு எங்கள நிறுத்தினாங்க, டீஷர்ட், தொப்பி, விசில், கையில ஒருத்தர் லத்தியும் குடுத்துட்டு டீ குடிக்கப் போயிட்டார். லத்திய பிடிச்சதுமே முதுகு தானா நிமிருது பாருங்க, அது ஒரு மாதிரி. பிளாட்பாரத்துல பூ விக்கற ஆயாகிட்ட போய், "கூட்டம் வருது, கொஞ்சம் தள்ளி உக்காரும்மா"ன்னேன், நெஜமா அவ்ளோதான் சொன்னேன். அந்தாயா நிமிந்து என்னப் பாத்துச்சு, சுருக்குப் பைய பிரிச்சுது, நாலா மடிச்ச 20 ரூபா நோட்டு ஒண்ண எடுத்து என் கையில திணிச்சுட்டு, திரும்ப பூ கட்ட ஆரம்பிச்சுருச்சு. மூஞ்சில கோவம் இல்ல, பயம் இல்ல, கரன்ட் பில்லு கட்டற மாதிரி.

நோட்டு ஈரமா இருந்துச்சு, பூக்கூடத் தண்ணி. எனக்கு வாய் வரல. கூட இருந்த பையன் பாத்துருவானோன்னு பேன்ட் பாக்கெட்ல வெச்சுட்டேன். அரை மணி நேரம் கழிச்சு திருப்பிக் குடுக்கலாம்னு போனா அந்த இடத்துல பொரிகடலக்காரர் இருக்கார், ஆயாவ காணோம். தடை வந்ததும் எங்கம்மா அந்த டீஷர்ட்ட வண்டி தொடைக்க எடுத்துட்டாங்க. நோட்டு இன்னும் எங்கிட்டதான் இருக்கு, சர்ட்டிபிகேட் வெச்சிருக்கற ஃபைல்ல.

சட்டம் தெரிஞ்ச சாமானியன்:
தம்பி, லத்திய வாலன்டியர் கையில குடுத்ததே தப்பு, அதுக்கு...

ஹாஸ்டல் வாசி:
சார் விடுங்க.

மாடிவீட்டு மணி:
பேரிங் கடை சார் சொன்னது சரிதான், பொய் பொய்தான். அம்மாகிட்டயே உங்க கமென்ட்ட படிச்சுக் காட்டினேன். "அவர் கடைல இருந்து கேமரால தெரிஞ்சத விட என் நோட்டுல ஜாஸ்தி தெரிஞ்சுது"ன்னு சொல்லச் சொன்னாங்க.

அப்புறம் ஒரு அப்டேட். பொண்ணுதான் பொறந்துச்சு அவனுக்கு, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, அவனுக்கு டிரான்ஸ்பர் ஆயிருச்சு. இப்போ வேற பையன் வர்றான், நோட்டு கீட்டு எதுவும் இல்ல, வாசல்ல வண்டிய ஆஃப் பண்ணாமயே ஃபோன்ல என்னமோ தட்டறான், போயிடறான். போன வாரம் நான் இருக்கறப்போ அம்மா எழுந்து போய் கேட்ல நின்னு, "ஏம்ப்பா, டைம் எழுத வேணாமா?"ன்னு கேட்டாங்க.

"அதுவே போட்டுக்கும் பாட்டி"ன்னான்.