கைப்பிடியிலிருந்து சுவிட்சுக்கு: சிங்கப்பூரில் பழைய காரின் கதவுக் கண்ணாடிகளை மின்சாரத்துக்கு மாற்றியவர்கள் பேசுகிறோம்

உட்லண்ட்ஸ், மெர்சிடிஸ் டபிள்யூ123

அப்பா விட்டுச் சென்ற வண்டி. நான்கு கண்ணாடிகளும் கையால் சுற்றுபவை. மலேசியாவின் ஜோகூர் பாருவில் அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எல்லைச் சோதனைச்சாவடி அதிகாரி பின்னால் இருப்பவரின் முகம் பார்க்கப் பின்கண்ணாடியை இறக்கச் சொல்வார். அங்கே உட்கார்ந்திருப்பது அம்மா. மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்கிப்போன கைக்கு அந்தக் கைப்பிடி அசையாது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து எனக்கும் எட்டாது. ஒவ்வொரு முறையும் அம்மா மன்னிப்புக் கேட்பதைப் பார்த்துத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

பழைய வண்டிக்கு இவ்வளவு செலவா என்று கேட்டவர்கள் உண்டு. 35 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கான தனித் திட்டத்தில் பதிந்திருந்தால் செலவு குறைந்திருக்கும். ஆனால் அதில் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்ட முடியும். அம்மாவை மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் கூட்டிப்போக அது போதாது. ஆகவே வாகன உரிமைச் சான்றிதழை (காரை வைத்து ஓட்டப் பணம் கட்டிப் பெறும் அனுமதி) 10 ஆண்டுக்குப் புதுப்பித்தே ஓட்டுகிறோம். அத்தனை பணம் கட்டி வைத்திருக்கும் வண்டியில் அம்மா நிம்மதியாக உட்கார வேண்டாமா?

1976இல் அறிமுகமான இந்த மாடலுக்குத் தொழிற்சாலையே கூடுதல் விலைக்கு மின்கண்ணாடி பொருத்திக் கொடுத்தது. அது எனக்குப் பெரிய துணை. மோட்டாரோடு சேர்ந்த ரெகுலேட்டர் (கதவுக்குள் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறி), கியர் நெம்புகோலைச் சுற்றியுள்ள பகுதியில் பதியும் சுவிட்சுகள், கதவுக்குள் ஓடும் வயர்த் தொகுப்பு என எல்லாமே அசலாகக் கிடைக்கும். தேடத்தான் பொறுமை வேண்டும். ஜோகூரில் பழைய கார்களைப் பிரித்து விற்கும் இடங்களில் முன்கதவுப் பாகங்கள் எளிதில் அகப்பட்டன; பின்கதவுப் பாகங்கள் வந்து சேரப் பல மாதங்கள் ஆயின. கைப்பிடி இருந்த இடத்தில் ஓட்டை இல்லாத உள்பலகைகளும் அதே வண்டியிலிருந்து கிடைத்தன. நிறம் வேறு, சாயம் ஏற்றிக்கொண்டேன்.

இப்போது அதிகாரி கேட்பதற்கு முன்பே அம்மா தன் பக்கக் கண்ணாடியைத் தானே இறக்கிவிடுகிறார்.

தேக்கா, சரக்கு வேன்

அண்ணன் சொன்னதுபோல அசல் பாகம் தேடும் வழி எனக்கு இல்லை. என் வேனின் மாடலில் மின்கண்ணாடி வந்ததே கிடையாது. காய்கறியும் மளிகையும் ஏற்றிக்கொண்டு காலையிலிருந்து ஓடும் வண்டி. சரக்கு இறக்கும் சந்துகளில் இடப்பக்கம் நிற்பவரிடம் பேச வேண்டியிருக்கும். இருக்கையின் குறுக்கே சாய்ந்து சுற்றினால் இடுப்பு போய்விடும்.

நான் வாங்கியது எல்லா வண்டிக்கும் பொதுவான கிட். பழைய ரெகுலேட்டர் அப்படியே இருக்கும். கைப்பிடி உட்காரும் பல்வெட்டு அச்சில் கிட்டோடு வரும் இணைப்பான் பொருந்தும். மோட்டார் அந்த அச்சைத் திருப்பும். பெட்டியில் பலவகை இணைப்பான்கள் இருந்தன, எங்கள் வண்டிக்குரியதும் இருந்தது. வாங்கும்போதே உங்கள் கைப்பிடியைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்ப் பல்லின் எண்ணிக்கையைச் சரிபாருங்கள்.

இரண்டு கதவுக்கு மட்டும் போட்டேன். தொழிற்சாலை மோட்டார் அளவுக்கு வேகம் இல்லை, சத்தமும் சற்றுக் கூடுதல். ஆனால் என் வேலைக்கு இது பெரிய விடுதலை. மழையில் சரக்கு ஏற்றிவிட்டு உட்கார்ந்ததும் இரண்டு பக்கமும் மூட முடிகிறது.

அங் மோ கியோ, ஓய்வுபெற்ற வண்டி மின்பணியாளர்

சின் மிங் பட்டறைகளில் என் வாழ்நாளின் பெரும்பகுதி போனது. இருவரும் எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். ஆனால் இனி இதில் இறங்கப்போகும் பிள்ளைகளுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மோட்டார் வாங்குவதற்கு முன்னால் கண்ணாடி ஓடும் ரப்பர் பள்ளத்தைப் பாருங்கள். பட்டறைக்கு வந்த "மோட்டார் எரிந்துவிட்டது" புகார்களில் நான் முதலில் கழற்றியது அந்த ரப்பரைத்தான்.

நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் அது காய்ந்து வெடித்து, உள்ளே தூசி படிந்து, கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். கை வலிக்கச் சுற்றிப் பழகியவருக்கு இது தெரியாது. கை தன்னை அறியாமல் கூடுதல் பலம் கொடுத்துவிடும். மோட்டாரோ அந்த இறுக்கத்தைக் கூடுதல் மின்சாரமாக இழுக்கும். தடையில்லாமல் ஓடும்போது சில ஆம்பியர் போதும். கண்ணாடி முட்டி நின்றால் 15 ஆம்பியருக்கு மேலும் ஏறும். ஆகவே கைப்பிடியை இரண்டு விரலால் சுற்ற முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால் ரப்பரை மாற்றுங்கள், அல்லது நன்றாகத் துடைத்துச் சிலிக்கோன் தெளிப்பான் அடியுங்கள். கிரீஸையும் எண்ணெயையும் ரப்பருக்கு அருகிலேயே கொண்டுபோகாதீர்கள். ரப்பர் ஊதிப்போகும், தூசியும் ஒட்டும்.

அடுத்தது வயர். பல கிட்டுகளில் மோட்டாரின் முழு மின்சாரமும் சிறிய சுவிட்சின் வழியாகவே போகிறது. சுவிட்சின் உள்முனைகள் கருகுவதும், கண்ணாடி பாதியில் நிற்பதும் இதனால்தான். ஒரு கதவுக்கு இரண்டு ஐந்துமுனை ரிலே வையுங்கள். ரிலே என்பது சிறு மின்சாரத்தால் இயங்கி, பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். கண்ணாடி ஏறுவதும் இறங்குவதும் மோட்டாரில் மின்சாரம் ஓடும் திசை மாறுவதால் நடக்கிறது. இரண்டு ரிலேயும் ஓய்வில் இருக்கும்போது மோட்டாரின் இரு முனைகளும் எர்த்தில், அதாவது வண்டியின் உலோக உடலோடு இணைந்து, இருக்க வேண்டும். ஒரு ரிலே இயங்கினால் கண்ணாடி ஏறும், மற்றது இயங்கினால் இறங்கும். சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கும். பேட்டரியிலிருந்து வரும் வயர் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்கட்டும். ரிலேக்களுக்கான இயக்கு மின்சாரத்தைச் சாவி திருப்பினால் மட்டும் வரும் இணைப்பிலிருந்து எடுங்கள்.

கதவுக்கும் அது மாட்டியிருக்கும் வண்டித் தூணுக்கும் இடையே வயர் போக ஓட்டை போட வேண்டியிருக்கும். இரண்டு ஓட்டைகளும் நேருக்கு நேர் இருந்தால் கதவை மூடும் ஒவ்வொரு முறையும் வயர் கூராக மடங்கி ஒருநாள் உள்ளுக்குள் அறுந்துவிடும். ஒன்றைவிட மற்றதைச் சற்றுக் கீழே போடுங்கள். விளிம்பை அரத்தால் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு பூசி, ரப்பர் உறை போட்ட பிறகே வயரை நுழையுங்கள். அந்த இடத்துக்கு மெல்லிய இழைகள் பல கொண்ட, நன்றாக வளையும் வயர்தான் ஏற்றது.

உட்லண்ட்ஸ் தம்பியைப்போல முழு ரெகுலேட்டரை மாற்றுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கத்தரிக்கோல் வடிவில் கைகள் விரியும் ரெகுலேட்டர் பலவற்றில் கண்ணாடியின் எடையைத் தாங்க ஒரு சுருள்வில் இருக்கும். மோட்டாரைக் கழற்றும் முன் ரெகுலேட்டரின் அந்தக் கையை அசையாதபடி போல்ட் போட்டோ இறுக்கியாலோ பிடித்துவிடுங்கள். விட்டால் பல்சக்கரம் பாய்ந்து சுழலும். விரல் போன தொழிலாளியைப் பார்த்தவன் சொல்கிறேன்.

உள்பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறிந்துவிட்டு வேலை முடித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கோபம் வரும். மழைநீர் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது கீழே உள்ள வடிகால் துளைகளில் வெளியேற வேண்டும். உட்புறம் வராமல் காப்பது அந்தத் தாள். வடகிழக்குப் பருவமழையில் ஒரே வாரத்தில் உள்பலகை ஊறி, கால்விரிப்பு நாறத் தொடங்கும். பியூட்டைல் பட்டை (நீர் புகாத ஒட்டும் பட்டை) வைத்துத் தாளை மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

ஈசூன், டொயோட்டா கொரோலா

ஐயா எழுதியதை அச்சிட்டு எங்கள் பட்டறைக்காரரிடம் கொடுக்கப்போகிறேன்.

நான் முன்கதவுகளை மட்டும் மாற்றினேன், பின்னால் கைப்பிடிதான் இருக்கிறது. உட்லண்ட்ஸ் அண்ணனின் அம்மாவுக்கு மின்கண்ணாடி எவ்வளவு தேவையோ, என் வீட்டுக்கு அது இல்லாதது அவ்வளவு தேவை. பின்னால் மூன்று வயதுக் குழந்தை. இந்தப் பொதுக் கிட்டுகளில் பெரும்பாலானவற்றில், இடையில் கை சிக்கினால் தானாக இறங்கும் ஏற்பாடு கிடையாது. கூடவே வரும் சுவிட்ச் இருபக்கமும் சாயும் வகை. குழந்தை முழங்காலை ஊன்றி எட்டிப் பார்த்தாலே அழுந்தி, கண்ணாடி மேலே ஏறிவிடும். முன்கதவுக்குக்கூட, விரலால் இழுத்தால்தான் ஏறும் வகைச் சுவிட்சைத் தனியாக வாங்கிப் போட்டேன். பின்கதவுக்கும் மாற்றுகிறவர்கள் அதன் ரிலேக்களுக்குப் போகும் மின்சாரத்தை ஓட்டுநர் துண்டிக்க ஒரு தனிச் சுவிட்ச் வையுங்கள்.

பேட்டரி செத்துப்போனால் என்ன செய்வது என்ற கவலையும் எனக்கு இருந்தது. திறந்த வாகன நிறுத்துமிடத்தில் நான்கு கண்ணாடியும் இறங்கிய நிலையில் மழை பிடித்தால் நினைத்துப் பாருங்கள். பின்னால் இரண்டாவது கையால் மூடலாம் என்பது எனக்கு ஆறுதல்.

உட்லண்ட்ஸ், மெர்சிடிஸ் டபிள்யூ123

தங்கை சொன்ன தனிச் சுவிட்ச் அசல் தொகுப்பிலேயே இருந்தது. அக்காவின் பேரப்பிள்ளைகள் ஏறும்போது அதைப் பயன்படுத்துகிறேன்.

ஐயாவிடம் ஒரு கேள்வி. ஆண்டுப் பரிசோதனைக்குப் போகும்போது இதனால் சிக்கல் வருமா என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். 10 ஆண்டு கடந்த கார்கள் ஒவ்வோர் ஆண்டும் போக வேண்டுமே.

அங் மோ கியோ, ஓய்வுபெற்ற வண்டி மின்பணியாளர்

நிலப் போக்குவரத்து ஆணையம் வண்டி மாற்றங்களை அனுமதி வேண்டாதவை, வேண்டியவை, செய்யவே கூடாதவை என்று பிரித்து வைத்திருக்கிறது. உங்கள் மாடலைச் சொல்லி, செய்யப்போகும் வேலையையும் விளக்கி, ஓட்டை போடும் முன்பே அவர்களிடம் எழுதிக் கேளுங்கள். பதிலை வண்டிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டறைக்காரர் வாய்மொழியாகச் சொல்வதைப் பரிசோதனை நிலையத்தில் காட்ட முடியாது.

கண்ணாடியையே மாற்ற நேர்ந்தால் கறுப்புத் தாள் ஒட்டும் ஆசையில் அளவை மீறாதீர்கள். முன்பக்கப் பக்கக் கண்ணாடிகள் 70 விழுக்காடு ஒளியையாவது உள்ளே விட வேண்டும். பின்பக்கப் பக்கக் கண்ணாடிகளுக்கு 25.

கழற்றிய கைப்பிடிகள், ரெகுலேட்டர்கள், சிறு கிளிப்புகள் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு எந்தக் கதவுடையது என்று எழுதி வையுங்கள். பழைய மாடல்களுக்கு அந்தக் கிளிப்புகூட இப்போது கடைகளில் கிடைப்பதில்லை. வண்டியை விற்கும்போது அசல் நிலைக்குத் திருப்பித் தரச் சொல்லும் வாங்குபவர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்கள் நல்ல விலையும் கொடுப்பார்கள்.