ஆயில் மூடியின் உட்புறத்தில் வெளிர்பழுப்புப் படிவு: இன்ஜின் ஆயிலில் நீர் கலந்திருக்கிறதா?

கேள்வி

வணக்கம். என்னுடைய நான்கு சிலிண்டர் பெட்ரோல் காரில் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றியபோது, அதன் உட்புறத்தில் வெளிர்பழுப்பு நிறத்தில், விரலால் வழித்தால் களிம்பு போல இழுபடும் படிவு ஒன்றைக் கண்டேன். டிப்ஸ்டிக்கில் (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியில்) ஆயில் வழக்கமான நிறத்திலேயே இருக்கிறது. கடந்த இரண்டு மாதங்களாக நாளொன்றுக்கு நான்கைந்து கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓடியதில்லை. கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) தொட்டியில் மட்டம் சற்றுக் குறைந்திருப்பதாகத் தோன்றுகிறது; ஆனால் முன்பு எந்த அளவில் இருந்தது என்று நான் குறித்து வைக்கவில்லை. ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழுள்ள பிளாக்குக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) போய்விட்டது, இன்ஜினைப் பிரித்தாக வேண்டும் என்று ஒரு மெக்கானிக் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். பிரிப்பதற்கு முன்பே உறுதி செய்துகொள்ள வழி உண்டா?

மறுமொழி 1

வணக்கம். எனக்கும் இதே கவலை வந்ததுண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உருவாகிறது. அதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விட்டாலும், பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே இறங்கும் சிறு பங்கு, இன்ஜின் முழுமையாகச் சூடேறாத குறுகிய ஓட்டங்களில் வெளியேற வழியின்றி, குளிர்ந்த மூடியில் படிந்து ஆயிலுடன் குழைந்துவிடுகிறது. நீண்ட தூரம் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். என் வண்டியில் படிவு தானாகவே மறைந்தது.

மறுமொழி 2 (பழுதுபார்ப்பவர்)

மேலே சொன்ன காரணம் சரியே. ஆனால் கூலன்ட் குறைந்திருக்கக்கூடும் என்ற சந்தேகம் இருக்கும்போது நீண்ட ஓட்டத்தை முதல் சோதனையாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஆயிலில் கூலன்ட் கலந்திருந்தால் பேரிங்குகளுக்கும் அவற்றில் சுழலும் தண்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய ஆயில் படலம் உடைந்துவிடும். அந்தச் சேதத்தைப் பிறகு சரிசெய்ய முடியாது.

முதலில் தொட்டியில் இன்றைய மட்டத்தில் ஒட்டுநாடா ஒட்டி வையுங்கள். பிறகு டிப்ஸ்டிக்கிலிருந்து சில துளி ஆயிலை, 150 பாகை செல்சியசுக்குச் சற்று மேல் சூடான மின்தட்டில் விடுங்கள். நீர் இல்லாத ஆயில் அமைதியாகப் பரவும்; ஆயிலில் 0.1 சதவீதம் நீர் இருந்தாலே சடசடத்துக் குமிழியிடும். கண்களுக்குக் காப்புக் கண்ணாடி அவசியம், திறந்த தீச்சுடர் கூடவே கூடாது.

கேள்வியாளர்

செய்து பார்த்தேன், ஐயா. மெலிதாக, ஆனால் ஐயத்துக்கு இடமின்றிச் சடசடத்தது. நான்கு நாட்களில் கூலன்ட் மட்டம் நாடாவுக்குக் கீழே ஒரு விரல் அகலம் இறங்கிவிட்டது. புகைக்குழாயில் வெண்புகை இல்லை. அப்படியானால் கேஸ்கெட்தானா?

மறுமொழி 2

அவசரப்பட வேண்டாம். சடசடப்பு நீர் இருப்பதைத்தான் சொல்லும், எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாது. மட்டம் இறங்கியதுதான் உங்கள் வழக்கில் முக்கியச் சாட்சி. இனி வண்டியை ஓட்டாதீர்கள்.

கூலன்ட் ஆயிலுக்குள் நுழைய ஹெட் கேஸ்கெட்டும், விரிசல் கண்ட ஹெட் அல்லது பிளாக்கும் மட்டுமே வழி அல்ல. உங்கள் வண்டியில் ஆயில் ஃபில்டருக்கு அருகே கூலன்ட் குழாய்கள் இணைந்த ஆயில் கூலர் (கூலன்ட்டால் ஆயிலைக் குளிர்விக்கும் பாகம்) இருந்தால் அதையும் சந்தேகிக்க வேண்டும். அது உள்ளே கசிந்தால், இன்ஜின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் கூலன்ட்டைவிட அதிகம் என்பதால் ஆயில்தான் கூலன்ட்டுக்குள் போகும். நிறுத்தியவுடன் ஆயில் அழுத்தம் முற்றாக இறங்கிவிட, சூடான கூலன்ட்டில் அழுத்தம் இன்னும் எஞ்சியிருப்பதால் ஓட்டம் திசை மாறிவிடும். எனவே தொட்டியில் ஆயில் மினுமினுப்பு தெரிகிறதா என்று பாருங்கள்.

ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை நீலச் சோதனைத் திரவத்தின் வழியே செலுத்தும் வாயுச் சோதனை செய்து, அந்தத் திரவம் மஞ்சளாக மாறுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மாறினால் சிலிண்டரில் பெட்ரோல் எரிந்து உண்டாகும் வாயு கூலன்ட்டுக்குள் கசிகிறது என்று பொருள். மாறாவிட்டால் கேஸ்கெட் முழுவதும் நல்லது என்று ஆகிவிடாது, ஏனெனில் ஆயில் வழிக்கும் கூலன்ட் வழிக்கும் இடையில் மட்டும் அது பழுதுபட்டிருக்கலாம். ஆகவே இன்ஜின் ஆறிய பின், ரேடியேட்டர் மூடியில் குறித்துள்ள அழுத்தத்தைக் கைப்பம்பால் ஏற்றி இரவு முழுவதும் விடுங்கள். காலையில் இன்ஜினை இயக்காமல் டிரெயின் பிளக்கை (ஆயிலை வடிக்க அடியிலுள்ள திருகை) மெதுவாகத் தளர்த்துங்கள். நீர் ஆயிலைவிடக் கனமானது. உள்ளே இறங்கியிருந்தால் அதுதான் முதலில் வரும்.

மறுமொழி 3 (ஆயில் ஆய்வகப் பணி)

அந்த ஆயிலில் சிறிது சுத்தமான குப்பியில் எடுத்து வையுங்கள். நீர் ஆவியாகிப் போனாலும், கூலன்ட்டிலுள்ள சோடியம், பொட்டாசியம் போன்றவை ஆயிலில் தங்கிவிடும். ஆயிலின் சேர்மானப் பொருட்களிலும் சில சமயம் சோடியம் இருக்கும் என்பதால், அதே வகைப் புதிய ஆயிலின் மாதிரியையும் சேர்த்து அனுப்பினால்தான் ஒப்பிட முடியும்.

கேள்வியாளர்

வாயுச் சோதனையில் திரவம் நீலமாகவே இருந்தது. தொட்டிக்குள் மெல்லிய வானவில் நிறப் படலம் தெரிந்தது. இரவில் ஏற்றிய அழுத்தம் காலைக்குள் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. டிரெயின் பிளக்கைத் தளர்த்தியதும் முதலில் சொட்டியது இரண்டு தேக்கரண்டி பச்சை நீர். அதன் பின்னரே ஆயில் வந்தது. வேறொரு மெக்கானிக் ஆயில் கூலரைக் கழற்றி, ஒரு வாயை அடைத்து, நீரில் அமிழ்த்திக் காற்றைச் செலுத்தியபோது தகடுகளின் இணைப்பிலிருந்து குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. கூலரை மாற்றிய பின் மீண்டும் இரவு முழுவதும் வைத்த அழுத்தம் அப்படியே நின்றது. ஹெட்டைத் தொடவே இல்லை.

மறுமொழி 2

நல்லது. புதிய ஆயிலும் ஃபில்டரும் போட்டுச் சிறிது தூரம் ஓட்டிவிட்டு, சூட்டோடு மறுபடியும் வடித்து மாற்றுங்கள். கூலன்ட்டால் உண்டான களிம்பு ஒரே முறையில் போகாது. கூலன்ட்டையும் முழுவதுமாக மாற்றி, வடித்ததை மூடிய கலனில் வையுங்கள். இனிப்பாக இருப்பதால் விலங்குகள் நக்கும், அது கொடிய நஞ்சு.

கேள்வியாளர்

இரண்டாம் முறையும் ஆயில் மாற்றிவிட்டேன். புது கூலன்ட் மட்டத்தில் ஒட்டிய நாடாவிலிருந்து பத்து நாட்களாக ஒரு கோடு கூட இறங்கவில்லை. மூடியின் உட்புறம் துடைத்த துணியில் சுத்தமான ஆயில் மட்டுமே படிகிறது. இரண்டு குப்பிகளையும் ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.