மருந்து அடிக்கும் விவசாயிகளுக்குத் தமிழில் செய்முறைப் பயிற்சி: உதவி தேவை

வணக்கம். பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறை பக்கம் இருக்கோம். தக்காளி, கத்திரி, பாகல் போடுற சின்ன விவசாயிகள். அடிக்கிறது பெரும்பாலும் குயினால்பாஸ், புரொபனோபாஸ்னு பூச்சி மருந்துங்க. ரெண்டுமே டப்பாவுல மஞ்சள் முக்கோணம் போட்ட, அதாவது விஷம் அதிகம்னு குறி போட்ட மருந்து. போன சீசன்ல இருந்து, அடிச்ச அன்னைக்குச் சாயங்காலம் தலைவலி, குமட்டல், கண் மங்கல்னு பலர் சொல்றாங்க. அசதின்னு சொல்லிட்டுப் படுத்துடறாங்க. டாக்டர்கிட்ட போறவங்க ரொம்பக் கம்மி.

16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர். மூடி ஓரம் கசிஞ்சு முதுகு நனையும். நாசில் அடைச்சா வாயால ஊதறாங்க. நனைஞ்ச லுங்கியும் பிள்ளைங்க யூனிபார்மும் ஒரே வாளியில ஊறுது!

மருந்தைப் பத்திரமா அடிக்கறதைப் பத்தி மலையாளத்துல கூட்டம் நடந்துச்சு. பெருசுங்களுக்குப் பேச்சு புரியும், கொடுத்த நோட்டீஸ் படிக்க வராது. கையுறை, மாஸ்க் வாங்கிக் கொடுத்தோம். மாஸ்க் வேர்வையில ஊறிடுது, கழட்டிடறாங்க, அவங்களைக் குறை சொல்லவும் முடியல. டேங்க்ல நீலத்தண்ணி ஊத்தி, வெள்ளைச் சட்டையோட அடிச்சுக் காட்டினோம். முதுகெல்லாம் நீலம். அதைப் பார்த்துத்தான் கொஞ்சம் அசந்தாங்க, ஆனா அடுத்த வாரமே பழையபடி. வாட்ஸ்அப் வீடியோ யாரும் முழுசாப் பார்க்கல.

டிசம்பருக்குள்ள ஏற்பாடு பண்ணணும். தோட்டத்துக்கே வந்து, மருந்து கலக்கறதுல இருந்து துணி அலசறது வரைக்கும் தமிழ்ல செஞ்சு காட்டிப் பழக்கி விடறவங்க பொள்ளாச்சி, கோவை பக்கம் யாராவது இருக்காங்களா?